இரைப்பு நோயும் விரால் குஞ்சும்

ஒரு மனிதன் காலில் முள் தைத்துவிட்டால், அது அவன் பூர்வ ஜன்மத்தில் செய்த பாவத்தின் பலன் என்று யாரும் சாஸ்திரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. முள் கண்ணுக்குத் தெரிகிறது. ஊசியும் கையில் இருக்கிறது. குத்தி எடுத்து எறிந்துவிட்டு நடந்து போய்விடுகிறான். ஆனால் அதே மனிதனுக்கு நடுராத்திரியில் மூச்சு முட்டி, நெஞ்சுக்குள் விசிலடித்து, எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு காற்றுக்குப் போராடும்படி நேர்ந்துவிட்டால், உடனே கர்ம பலனும், கிரக தோஷமும், பேய்க் காற்றும், பிரசாதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துவிடுகின்றன. இதற்குக் காரணம் இங்கே முள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறொன்றுமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடங்களையெல்லாம் நமது நாட்டில் புரோகிதனுக்கும் மந்திரவாதிக்கும் மானியமாக எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இரைப்பு நோயைப் பொறுத்தவரையில் அந்த மானியம் ரத்தாகி வெகுகாலமாகிவிட்டது என்பதைத்தான் பொது ஜனங்கள் இன்னும் அறிந்துகொள்ளவில்லை. இழுப்பு என்றும், ஈளை என்றும், சுவாச காசம் என்றும், பட்டணங்களில் வீசிங் என்றும், ஆஸ்துமா என்றும் சொல்லப்படும் இந்த நோயில், உடம்புக்குள் எந்த உயிரணு எதை எழுப்புகிறது, அது என்ன சரக்கைக் கக்குகிறது, அந்தச் சரக்கு மூச்சுக் குழலை எப்படி நெரிக்கிறது என்கின்ற விவரம் இன்று பெரும்பாலும் தெரிந்த விஷயமாகும். தெரிந்திருந்தும் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று பார்ப்போம்.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாத ஆரம்பத்தில், மிருகசீரிட கார்த்தி என்று நாள் பார்த்து, ஒரு குடும்பத்தார் மீன் பிரசாதம் கொடுக்கிறார்கள். உயிரோடிருக்கும் சிறு விரால் குஞ்சின் வாயில் ஒரு மஞ்சள் நிறப் பச்சிலைக் குழம்பை அடைத்து, அதை வந்தவர் தொண்டைக்குள் தள்ளி விழுங்கச் செய்கிறார்கள். இப்படி மூன்று வருஷம் விழுங்கினால் இரைப்பு போய்விடுமாம். மருந்தின் ரகசியத்தை 1845-ல் ஒரு சாது வந்து சொல்லிவிட்டுப் போனார் என்றும், அதை வெளியில் சொன்னால் பலிக்காது என்றும் சொல்லப்படுகிறது. பல்லாயிரம் பேர் பல மாகாணங்களிலிருந்து ரயிலேறிப் போய் வரிசையில் நிற்கிறார்கள். அரசாங்கம் பந்தல் போட்டு, போலீஸ் நிறுத்தி, மீனுக்கும் ஏற்பாடு செய்கிறது. மாமிசம் சாப்பிடாத மேல் ஜாதிக்காரருக்கு மாத்திரம் வெல்லத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். மீன்தான் நெஞ்சுக் கபத்தை அடித்துக்கொண்டு போகிறது என்றால் வெல்லத்துக்கு ஏது வாலும் துடுப்பும் என்று நாம் கேட்டால், நம்மை நாஸ்திகன் என்பார்கள்.

முன்பு இதற்கு மீன் மருந்து என்றே பெயர். பகுத்தறிவாளர்கள் ஆட்சேபித்து, விவகாரம் கோர்ட்டுவரையில் போனபிறகு மருந்து என்கின்ற பெயர் மெல்ல நழுவிப் பிரசாதம் என்கின்ற பெயர் வந்துவிட்டது. மருந்து என்றால் பரீட்சைக்கு உட்பட வேண்டும். பிரசாதம் என்றால் கும்பிட்டால் போதும் அல்லவா? இன்னொரு வேடிக்கை என்னவென்றால், 2020-ல் கொரோனா வந்ததும் மூன்று வருஷ காலம் இந்தப் பிரசாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. மூச்சு வியாதியைத் தீர்க்கும் பிரசாதம், ஒரு மூச்சு வியாதி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு 2023-ல்தான் வெளியே வந்தது.

நிற்க, அந்த விரால் குஞ்சு போகிற இடம் எது, நோய் இருக்கிற இடம் எது என்று முதலில் பார்க்க வேண்டாமா? விழுங்கினது இரைக் குழல் வழியாக இரைப்பைக்குப் போகிறது. நோய் இருப்பதோ மூச்சுக் குழலில். மீன் தவறிப்போய் மூச்சுக் குழலில் நுழைந்தால் இரைப்பு மாத்திரமல்ல, ஆளும் சேர்ந்தே போய்விடுவான். மாத்திரையும் வயிற்றுக்குத்தானே போகிறது என்று சிலர் கேட்கலாம். மாத்திரை கரைந்து ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய்ச் சேருகிறது. எவ்வளவு ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அளந்தும் காட்டுகிறார்கள். மஞ்சள் குழம்பை அப்படி அளந்து காட்டச் சொன்னால், ரகசியம் என்கிறார்கள்.

இனி நோய்க்கு வருவோம். தொண்டையிலிருந்து கீழே இறங்கும் மூச்சுக் குழல் இரண்டாய், நாலாய், எட்டாய், இப்படி 20 தடவைக்கு மேல் கிளை பிரிந்து, கடைசியில் காற்றுப் பைகளில் முடிகிறது. இந்தக் குழல்களின் சுவரில் மோதிரம் போட்டாற்போல் தசை சுற்றியிருக்கிறது. உட்புறத்தில் ஒரு வரிசை உயிரணுக்கள் தளம் பாவினதுபோல் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மேல் கொஞ்சம் கோழை, தூசியைப் பிடித்து வெளியே தள்ளுவதற்காக. இரைப்புக்காரனுடைய குழலில் மூன்று காரியம் நடக்கிறது. தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, கோழை பெருகி அடைக்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழலும் சற்று விரிந்து கொடுக்கும். விடும்போதுதான் சங்கடம், அந்த விசில் சத்தம் அதனால் வருவது. ஆகவே பார்க்கிறவர்கள் காற்று உள்ளே போகவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நெஞ்சுக்குள் தங்கிவிடுகிறது.

இதை யார் செய்கிறார்கள்? பேய் அல்ல, நம்முடைய உடம்பே செய்கிறது. தலையணையிலும் பாயிலும் மெத்தையிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு பூச்சி, மனிதன் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. வீட்டுத் தூசியிலே நோய்க்குக் காரணமாயிருப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சிதான் என்று ஹாலந்து தேசத்தில் லைடன் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் 1960-களில் கண்டுபிடித்தார்கள். அதன் எச்சத்தில் உள்ள ஒரு புரதம், மேற்சொன்ன தளத்தில் ஒரு அணுவையும் அடுத்த அணுவையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டை அறுத்துவிடக் கூடியது. கட்டு அறுந்ததும், அடிபட்ட அணுக்கள் கூச்சல் போடுகின்றன. வாயினால் அல்ல, டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின் 33 என்று பேரிட்டிருக்கும் சரக்குகளினால். அதைக் கேட்டு வரும் காவல் அணு, தூசித் துண்டை எடுத்துக்கொண்டு போய், டி அணு என்கின்ற அதிகாரியிடம் காட்டுகிறது. டி அணுவில் இரண்டாம் வகை என்று ஒன்று. அது மூன்று உத்தரவு போடுகிறது. இன்டர்லூக்கின் 4 என்கின்ற உத்தரவினால் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் புரதம் உண்டாகிறது. 13 என்கின்ற உத்தரவினால் கோழை பெருகுகிறது. 5 என்கின்ற உத்தரவு எலும்பு மஜ்ஜைவரையில் போய், இயோசினோபில் என்கின்ற சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இந்தப் படையெல்லாம் எதற்காக ஏற்பட்டது என்றால், முக்கியமாகக் குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்ப்பதற்காக என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். புழுவுக்குத் தொடுக்க வேண்டிய பாணத்தைத் தலையணைத் தூசிக்குத் தொடுப்பதுதான் இரைப்பு நோய். சர்வ வல்லமையும் சர்வ ஞானமும் உள்ள ஒருவர் உட்கார்ந்து செய்த ஏற்பாடு இது என்றால், பஞ்சுக்கும் புழுவுக்கும் வித்தியாசம் தெரியாத சிப்பாயை ஏன் நிறுத்தினார் என்று ஆஸ்திகத் தோழர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

ஐ.ஜி.ஈ. கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சொல்லத்தக்கது. ஜெர்மனியில் பிரெஸ்லாவ் நகரத்தில் பிரவுஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்று இரண்டு டாக்டர்கள். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டும். 1921-ல் கூஸ்ட்னருடைய ரத்த நீரில் சொட்டு எடுத்துப் பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சத்தை ஏற்றியதும், மீனினால் ஒரு தொந்தரவும் இல்லாதவரான பிரவுஸ்னிட்ஸ் உடம்பில் அந்த இடம் மாத்திரம் தடித்துச் சிவந்துவிட்டது. ஆகவே வியாதிக்குக் காரணம் கூஸ்ட்னருடைய ஜாதகத்தில் இல்லை, ரத்த நீரில் இருக்கிறது என்று ருசுவாயிற்று. ஜாதகத்தைச் சொட்டு எடுத்து இன்னொருவன் வயிற்றில் ஏற்ற முடியாதல்லவா? அந்தப் பொருள் இன்னதென்று பிரித்துக் காட்ட மேலும் 45 வருஷம் பிடித்தது. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் வேலை செய்த இஷிசாக்கா என்னும் ஜப்பானியப் புருஷனும் மனைவியும் 1966-லும், அடுத்தாற்போல் சுவீடனில் ஜோஹான்சன், பென்னிச் என்பவர்களும் தனித்தனியே அதைக் கண்டு, 1968-ல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் வைக்கப்பட்டது. மீன் இரைப்பைத் தீர்க்கும் என்று நம்பி ஓடுகிறவர்களுக்கு, மீனே சிலருக்கு மூச்சு முட்டலை உண்டாக்கும் என்பதிலிருந்துதான் இந்த ஞானமெல்லாம் புறப்பட்டது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த ஐ.ஜி.ஈ. மூச்சுக் குழல் ஓரத்திலே குந்தியிருக்கும் மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1878-ல் பால் ஏர்லிக் என்பவர் மாணவராயிருக்கும்போதே இவ்வணுக்களைக் கண்டு, உள்ளே மூட்டை மூட்டையாயிருப்பதைத் தீனி என்று நினைத்து, தின்று கொழுத்த அணு என்று பொருள்படப் பெயர் வைத்தார். மூட்டையில் இருப்பது தீனியல்ல, வெடிமருந்து என்பது பின்னால் தெரிந்தது. தூசித் துண்டு வந்து பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.ஈ. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால், நிமிஷ நேரத்தில் மூட்டை அவிழ்ந்து ஹிஸ்டமின் கொட்டுகிறது, தசை இறுகுகிறது. அத்தோடு லியூகோட்ரையீன் என்கின்ற சரக்கும் உற்பத்தியாகிறது. இது ஹிஸ்டமினைவிடப் பல மடங்கு கடுமையாகவும் நெடுநேரமும் குழலை நெரிக்கும். இதைத் துலக்கிக் காட்டிய சுவீடன் தேசத்து சாமுவேல்சன் என்பவருக்கு 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இவ்வளவும் முதல் அடி. சில மணி நேரம் கழித்து இரண்டாம் அடி வருகிறது. அப்போதுதான் இயோசினோபில் சிப்பாய்கள் கூட்டமாய் வந்திறங்கி, புழுவைக் கொல்ல வைத்திருக்கும் விஷத்தை நம்முடைய குழலின் தளத்திலேயே கொட்டி, அதைப் புண்ணாக்குகிறார்கள். 1872-ல் லைடன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இரைப்புக்காரர்களுடைய கோழையைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது ஊசி ஊசியாய்ப் படிகங்கள் மின்னுவதைக் கண்டார். அதற்கு முன்பே பிரான்சில் ஷார்க்கோ என்பவரும் கண்டிருந்தார். அவை இயோசினோபில் அணுவிலிருந்து வெளிப்படும் ஒரு புரதம் உறைந்து உண்டானவை. வெறும் குப்பை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2019-ல் பெல்ஜியத்து ஆராய்ச்சிக்காரர்கள், அந்த ஊசிகளே குத்தி மேலும் அழற்சியை உண்டாக்குகின்றன என்று எலிகளில் காட்டினார்கள். முள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னோமே, பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

சரி, நடுராத்திரியில் ஏன் வருகிறது? இதுதான் பேய்க்கு இருக்கும் பெரிய ஆதாரம். அழற்சியை அடக்கக்கூடிய கார்ட்டிசால் என்கின்ற சரக்கு எல்லாருடைய ரத்தத்திலும் காலையில் அதிகமாயும் நடுராத்திரியில் குறைவாயும் இருக்கிறது. குழலை விரித்துக் கொடுக்கும் அட்ரினலினும் அப்போது குறைந்துவிடுகிறது. நோயில்லாதவனுக்குக்கூட விடியற்காலை 4 மணி சுமாருக்கு மூச்சுக் குழல் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். போதாக்குறைக்கு முகம் புதைந்திருப்பது பூச்சி குடியிருக்கும் தலையணையில். இதற்கு மேல் பேய் வேறு வந்து ஆக வேண்டிய வேலை என்ன பாக்கி?

இனி மிகவும் முக்கியமான விஷயம். படிக்காதவனைக் கெடுப்பது மீன் பிரசாதம் என்றால், படித்தவனைக் கெடுப்பது இன்னொரு மூட நம்பிக்கை. இன்ஹேலர் வைத்தால் பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்டத்து வைத்தியம், பம்பைத் தொட்டால் விட முடியாது என்பதுதான் அது. பி.ஏ. படித்தவரும் எம்.ஏ. படித்தவரும் இதைச் சொல்லக் கேட்கிறோம். அப்படிச் சொல்லிக்கொண்டே, மூச்சு முட்டும்போது மாத்திரம் நீல நிறக் குழலை எடுத்து இரண்டு அழுத்து அழுத்திவிட்டு, தேவலை என்று பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்த நீலக் குழலில் இருப்பது 1969-ல் வெளிவந்த சால்பூட்டமால். அது தசை அணுவின் மேலுள்ள ஒரு பூட்டில் சாவிபோல் பொருந்தி, உள்ளே ஒரு தூதனை எழுப்பி, தசையைத் தளர்த்துகிறது. சில நிமிஷத்தில் சுகம். அந்தத் தூதனைக் கண்ட சதர்லாண்டுக்கு 1971-லும், அந்தப் பூட்டின் அமைப்பைக் கண்ட லெஃப்கோவிட்ஸ், கோபில்கா என்பவர்களுக்கு 2012-லும் நோபல் பரிசு கிடைத்தது. எல்லாம் சரி. ஆனால் அது தசையைத் தளர்த்துமே தவிர, வீக்கத்தைத் தொடாது. சிப்பாய்க் கூட்டத்தைக் கலைக்காது. வீடு பற்றி எரியும்போது ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விடுவதற்குச் சமானம் அது.

நெருப்பை அணைப்பது 1972 முதல் வந்திருக்கும் இன்னொரு குழல். அதில் இருப்பது மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு. அது அணுவுக்குள்ளே நுழைந்து, கருவுக்குள்ளே போய், அங்கே மேற்சொன்ன உத்தரவுகளை எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டையே மூடிவிடுகிறது. ஏற்கெனவே எழுதி வெளியேறிய உத்தரவுகள் தீரும்வரையில் காத்திருக்க வேண்டியிருப்பதால், பலன் தெரிய நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகிறது. வந்தது வினை. உடனே சுகம் தெரிகிற நீலக் குழல் நல்ல மருந்தென்றும், ஒன்றும் தெரியாத மற்றது வீண் செலவென்றும் ஜனங்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். அதிலும் ஸ்டீராய்டு என்கின்ற பெயரே பூச்சாண்டியாகிவிட்டது. வாயில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் கொடுக்கிற இடத்தில், குழலில் இழுப்பது ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதற்கும் தோஷம் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. வாயில் வெண்புண் வரலாம். இழுத்ததும் வாய் கொப்பளித்தால் பெரும்பாலும் வராது. குழந்தைகளுக்கு வருஷக் கணக்கில் கொடுத்தால் முழு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் சுமார் குறையலாம் என்று அமெரிக்காவில் அளந்து 2012-ல் அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டரையும் மறைக்காமல் சொல்லுவது ஒரு முறை. 1845 முதல் குழம்பில் என்ன இருக்கிறது என்பதையே மறைப்பது இன்னொரு முறை.

நீலக் குழலை மாத்திரம் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சி இருக்கிறது. 2000-ல் கனடாவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். வருஷத்தில் ஸ்டீராய்டுக் குழல் ஒன்று கூடுதலாக உபயோகித்தால், இரைப்பினால் சாகும் அபாயம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டார்கள். 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவினர், பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் நீல மருந்தை மாத்திரம் தனியே கொடுக்க வேண்டாம், எவ்வளவு லேசான நோயானாலும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நமது தேசத்தின் லட்சணமோ, உலக இரைப்பு நோயாளிகளில் நூற்றுக்கு 13 பேர் சுமார் இங்கே இருக்க, இரைப்பினால் சாகிறவர்களில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டவர்கள் இங்கேயே சாகிறார்கள் என்று 2019-ம் வருஷத்து உலகக் கணக்கு சொல்லுகிறது. இந்தியனுடைய நுரையீரல் மாத்திரம் தனி மண்ணால் செய்ததா? மருந்து இருந்தும் கைக்கு எட்டாததும், எட்டியும் வெட்கத்தினாலும் பயத்தினாலும் தொடாததும்தான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்லுவோம்.

ஆனால் மீன் விழுங்கினவர்கள் பலர் எனக்குச் சுகமாயிற்று என்று சத்தியம் செய்கிறார்களே என்பார்கள். அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. 2011-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதே இரைப்புக்காரர்களுக்கு ஒரு நாள் உண்மை மருந்து, ஒரு நாள் மருந்தில்லாத வெறுங்குழல், ஒரு நாள் குத்துவதுபோல் பாசாங்கு செய்யும் ஊசி வைத்தியம், ஒரு நாள் ஒன்றுமேயில்லாமல் சும்மா உட்கார வைத்தல். மூச்சை மானியில் அளந்தபோது, உண்மை மருந்தில் நூற்றுக்கு 20 பங்கு மூச்சு கூடியது; மற்ற மூன்றிலும் 7 பங்கு சுமார்தான். ஆனால் வாயினால் கேட்டபோது, உண்மை மருந்துக்காரரும், வெறுங்குழல்காரரும், பாசாங்கு ஊசிக்காரரும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பாதி சுகம் என்று சொன்னார்கள்! ஆகவே நோயாளிக்குச் சுகமாகத் தோன்றுவது வேறு, குழல் திறந்திருப்பது வேறு. திறக்காத குழலைத் திறந்ததாக நம்பிக்கொண்டு வீட்டிலிருக்கும் நிஜ மருந்தை விட்டுவிட்டவன் எந்த ராத்திரியில் சாவான் என்று எந்த பிரசாதக்காரரும் ஜவாப்தாரியாக இருக்கப் போவதில்லை. இந்த நோய் தானே ஏறுவதும் தானே இறங்குவதுமான சுபாவமுடையது என்பதும் பிரசாதக்காரருக்கு நல்ல மூலதனம்.

பரம்பரை நோய், ஆகவே தலையெழுத்து என்று ஒரு கட்சி. பரம்பரை என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவ மதக் கூட்டத்தார் இருக்கிறார்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து ஏறக்குறைய ஒரே ரத்தக் கலப்போடு வந்தவர்கள்; இருவரும் விவசாயிகள்; பக்தியிலும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களல்ல. 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், ஆமிஷ் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கும், ஹட்டரைட் பிள்ளைகளில் நூற்றுக்கு 21 பேருக்கும் இரைப்பு இருப்பதாகத் தெரிந்தது. ஒரே ரத்தம், ஒரே கடவுள். வித்தியாசம் நான்கு மடங்கு! ஆமிஷ்காரர்கள் வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை வைத்துப் பழைய முறையில் பாடுபடுகிறவர்கள். பிள்ளைகள் சிசுப் பருவத்திலிருந்தே அந்தப் புழுதியில் புரளுகின்றன. மற்றவர்கள் தூரத்தில் பெரிய யந்திரப் பண்ணை வைத்திருப்பவர்கள். கொட்டகைப் புழுதியிலுள்ள கிருமித் துணுக்குகள் சின்ன வயதிலேயே உடம்பின் சிப்பாய்களுக்கு எதிரி யார் என்று கற்றுக் கொடுத்துவிடுவதாகக் கருதுகிறார்கள். இதைக் கேட்டதும், பார்த்தீர்களா பசுஞ்சாணியின் மகிமையை, எங்கள் ரிஷிகள் அன்றே சொன்னார்கள் என்று நமது சாஸ்திரிகள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறோம். முற்றின இரைப்புக்காரன் முகத்தில் சாணிப் புழுதியை ஊதினால் அவன் குணமடைய மாட்டான், ஆஸ்பத்திரிக்குத்தான் போவான்.

எல்லா மூச்சு நோயும் இரைப்பல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீடி, சுருட்டுக்காரர்களுக்கும், ஆயுள் முழுவதும் விறகடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் வருகிற நாட்பட்ட மூச்சடைப்பில் வேலை செய்வது பெரும்பாலும் வேறு சிப்பாய். நியூட்ரோஃபில் என்று பெயர். அது கக்கும் எலாஸ்டேஸ் என்னும் சரக்கு காற்றுப் பையின் சுவரையே அரித்துவிடுகிறது. அதைத் தடுப்பதற்குக் கல்லீரல் ஒரு புரதம் செய்து அனுப்புகிறது. அந்தப் புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இளவயதிலேயே பை கிழிந்துபோவதை 1963-ல் சுவீடனில் லாரெல், எரிக்சன் என்பவர்கள் கண்டார்கள். கிழிந்த பை மறுபடி முளைப்பதில்லை. புருஷன் புகைப்பது அவனாகத் தேடிக்கொண்டது என்றாவது சொல்லலாம். அடுப்பங்கரைப் பெண் யார் கட்டளையால் புகைக்கிறாள்? கல் உடைக்கும் தொழிலாளி நெஞ்சில் படியும் சிலிக்காத் தூளோ இன்னொரு கதை; அதை விழுங்கின காவல் அணு ஜீரணிக்கவும் முடியாமல் கக்கவும் முடியாமல் வெடித்துச் சாகிறது, நுரையீரல் தழும்பாகிறது. கூலி கொடுத்தவன் பாவத்தை மூச்சில் இழுத்துச் சாகிறவன் தொழிலாளி.

இரைப்புக்கே திரும்புவோம். இன்டர்லூக்கின் 5-ஐத் தடுக்கும் ஒரு மருந்தை 2000-ல் பரீட்சித்தபோது பலன் தெரியவில்லை. சாதுவாயிருந்தால், நம்பிக்கையில்லாமல் வாங்கிக்கொண்டாய் என்று நோயாளியின் தலையில் பழியைப் போட்டிருப்பார். இவர்கள், ஏன் பலிக்கவில்லை என்று திரும்ப ஆராய்ந்தார்கள். எல்லா இரைப்பும் ஒன்றல்ல, இயோசினோபில் மிகுந்த இரைப்புக்குத்தான் அது பொருந்தும் என்று ஆள் பொறுக்கிக் கொடுத்துப் பார்த்ததில் 2009-ல் பலித்தது. 2015-ல் மெப்போலிசுமாப் என்ற பெயரில் அங்கீகாரமும் கிடைத்தது. ஐ.ஜி.ஈ.யைக் கட்டிப்போடும் மருந்து 2003-லும், மேலே சொன்ன டி.எஸ்.எல்.பி. கூச்சலையே அடைக்கும் மருந்து 2021-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை பணக்காரன் வீட்டு மருந்துகளாகவே இன்று இருக்கின்றன என்பது நமது ஆத்திரம். ஆனால் பெரும்பாலோருக்கு இவை வேண்டியதேயில்லை. சாதாரண ஸ்டீராய்டுக் குழலும் சால்பூட்டமாலும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. அவை ஒவ்வொரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வருஷம் 365 நாளும் இருக்கும்படி செய்ய, மீன் பந்தலுக்கு வரும் மந்திரிமார்கள் வருவார்களா? குழந்தைக்கு மருந்தை இழுக்கத் தெரியவில்லையே என்பதற்கும் வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்கா டாக்டர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பானப் புட்டியில் துளையிட்டு, குழலைப் பொருத்தி ஒட்டி, அதன் வழியாக மருந்து கொடுத்துப் பார்த்து, கடையில் விற்கும் கருவிக்கு அது இளைத்ததல்ல என்று 1999-ல் வெளியிட்டிருக்கிறார்கள். சோடா குடித்த புட்டி போதும், சாது வேண்டியதில்லை.

இன்னும் ஒரு அக்கிரமம். பெண் பார்க்க வரும் நாளன்று குழலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார்கள். கல்யாணம் ஆனபிறகு மாமியார் கண்ணுக்குத் தெரியாமல் மருந்தெடுக்க முடியாமல், அந்தப் பெண் மருந்தையே விட்டுவிடுகிறாள். மூக்குக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளைக்கு வரதட்சணை கேட்கும் கூட்டம், மருந்து இழுக்கும் பெண்ணைச் சீக்காளி என்று தள்ளுகிறது. கண்ணாடி கழற்றினால் அவன் தூண் மேல் முட்டிக்கொள்வான். குழலைப் பிடுங்கினால் இவள் செத்துப்போவாள். நமது இயக்கத்துத் தோழர்கள் நடத்தும் திருமணங்களிலாவது, இந்தக் குழலை மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசும் தைரியம் வர வேண்டும்.

கடைசியாக ஐதராபாத்துக்காரர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சின்ன மானி 1959 முதல் உலகத்தில் இருக்கிறது. கையில் பிடித்து ஊதினால் முள் நகர்ந்து நிற்கும். படிக்கத் தெரிந்த எந்தப் பள்ளிப் பிள்ளையும் எண்ணைப் படித்துவிடும். பந்தல் வாசலில் ஒரு மேஜை போட்டு, மீன் விழுங்கப் போகிறவர்களில் இஷ்டப்பட்டவர்களை ஊதச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். குழம்பில்லாத மீனைப் பாதிப் பேருக்கும், குழம்புள்ள மீனை மீதிப் பேருக்கும், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எதுவென்று தெரியாமல் சீட்டுப் போட்டுக் கொடுக்கட்டும். அவர்கள் போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை யாரும் நிறுத்தக் கூடாது. ஒரு வருஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்லி, இரண்டு கூட்டத்து எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி வெளியிடட்டும். ரகசியத்தைச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. குழம்பில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவே மாட்டோம். எண்ணை மாத்திரம் காட்டினால் போதும்.